மேற்கு வாசல் கதவுக்கு என்ன அடிக்கலாம்?

குழு: நம்ம குடும்பம், விருதுநகர்

கார்த்தி: [படம்] [படம்]
மாமா, வாசல் கதவைக் கொஞ்சம் பாருங்கள். பாலிஷ் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கீழ்ப்பாதி முழுக்க வார்னிஷ் செதில் செதிலாக எழும்பி நிற்கிறது. உரிந்த இடத்தில் தேக்கு சாம்பல் பூத்துவிட்டது.

அம்மா: மத்தியானம் தொடங்கி பொழுது சாயும்வரை வெயில் அந்தக் கதவு மேலேதான் அண்ணே. கைப்பிடியைத் தொட முடியவில்லை.

பெரிய மாமா: மேல்பாதி எப்படி இருக்கிறது மாப்ளே?

கார்த்தி: சன்ஷேடு நிழல் விழுகிற இடம் வரைக்கும் அப்படியே பளபளவென்று இருக்கிறது.

பெரிய மாமா: அப்போ மரத்தில் குறை இல்லை. என்ன அடித்தார்கள்?

கார்த்தி: மிச்சம் இருக்கிற டப்பாவில் மெலமைன் என்று போட்டிருக்கிறது.

பெரிய மாமா: அது வீட்டுக்குள் இருக்கிற கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடிப்பது. காய்ந்தால் விறைப்பாக நிற்கும். வெளியே இருக்கிற மரம் வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். அதோடு சேர்ந்து நெளிந்து கொடுக்காத பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அந்த வழியாகத் தண்ணீர் அடியில் போய்விட்டால் மேலே எழும்பத்தான் செய்யும்.

ரம்யா: அப்போ நல்ல எக்ஸ்டீரியர் வார்னிஷ் வாங்கி அடித்தால் போதுமா மாமா?

பெரிய மாமா: கொஞ்ச நாள் கூடத் தாங்கும், அவ்வளவுதான். நிறமில்லாத எந்தப் பூச்சும் வெயிலைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். மரத்தின் நாரை நாரோடு பிடித்து வைத்திருப்பது லிக்னின் என்கிற பொருள். புற ஊதாக் கதிர் பட்டால் அது சிதையும், மழை வந்து கழுவிக்கொண்டு போகும். மிஞ்சுகிற நார்தான் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. கார்த்தி, அந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்.

கார்த்தி: சுரண்டினேன். பஞ்சு மாதிரி மெல்லிசாகத் தூள் வருகிறது.

பெரிய மாமா: அந்தத் தூள் மேல் எவ்வளவு விலையுள்ள பூச்சு அடித்தாலும் பிடிக்காது. நல்ல மரம் தெரிகிறவரை தேய்த்தே ஆகவேண்டும். வார்னிஷ் உரிவதும் இப்படித்தான். மேலே பூச்சு நன்றாகவே இருக்கும், அடியில் மரம் விட்டுக்கொடுத்துவிடும்.

செல்வி சித்தி: எங்கள் ஊர்ப் பக்கம் படகுக்கு முந்திரிக் கொட்டை எண்ணெய் அடிப்பார்களே அண்ணே, அது உப்புத் தண்ணீரையே தாங்குமே?

பெரிய மாமா: நல்ல சரக்குதான் செல்வி. ஆனால் கதவு கன்னங்கரேல் என்று ஆகிவிடும். கையில் பட்டால் தோல் வெந்துபோகும். வாசலுக்கு வேண்டாம்.

அம்மா: அண்ணே, அப்பா ஆசாரியைப் பக்கத்திலேயே உட்கார வைத்து இழைத்த கதவு இது. ரேகை மறைகிற மாதிரி பெயிண்ட் மட்டும் அடிக்கச் சொல்லிவிடாதீர்கள்.

பெரிய மாமா: எனக்கும் மனசு வராது தாயி. வெயிலுக்கு முதல் மார்க் பெயிண்டுக்குத்தான், அதை மறுக்க முடியாது. பிரைமர் போட்டு எனாமல் இரண்டு கோட் அடித்தால் மரத்தில் வெயிலே படாது. கேட்டுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அதையே செய்யுங்கள். கதவுக்கு மட்டும் நிறம் கலந்த எக்ஸ்டீரியர் வுட் ஸ்டெயின் வாங்குங்கள், மரத்துக்குள் இறங்குகிற வகை. மேலே தடித்த படலம் கட்டாது. அதிலிருக்கிற இரும்பு ஆக்சைடு நிறமி புற ஊதாவைத் தடுக்கும். காவிக்கு நிறம் கொடுக்கிறதும் அதுதான். ரேகையும் தெரியும்.

ரம்யா: என்ன கலர் எடுக்கலாம்?

பெரிய மாமா: நடுத்தரத் தேக்கு நிறம். ரொம்ப வெளிறியதில் நிறமி குறைவு. கருங்காலி நிறம் எடுத்தால் கதவு இன்னும் சூடு வாங்கி வெடிக்கும்.

கார்த்தி: அது எத்தனை வருடம் வரும் மாமா?

பெரிய மாமா: அந்த வெயிலுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முகத்தைச் சுளிக்காதே. அது உரியாது, வெளுக்கும். வெளுத்த கதவைத் துடைத்து, லேசாக ஒரு தேய் தேய்த்து, அதன் மேலேயே ஒரு கோட் இழுத்துவிடலாம், அரை நாள் வேலை. வார்னிஷ் உரிந்தால் இப்போது மாதிரி முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். வெளியே இருக்கிற மரத்துக்கு எது அதிக நாள் வரும் என்று மட்டும் பார்க்கக் கூடாது, எதை லேசாகப் புதுப்பிக்க முடியும் என்றும் பார்க்க வேண்டும்.

அம்மா: சரி அண்ணே, வருடா வருடம் செய்துவிடலாம். பங்குனிப் பொங்கலுக்கு எல்லோரும் வருவீர்கள், அதற்குள் முடிந்தால் நல்லது.

பெரிய மாமா: தாராளமாக முடியும். மாப்ளே, 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கு, 120-இல் முடி. ரேகை போகிற திசையிலேயே தேய். அதற்கு மேல் வழவழப்பாக்காதே, ஸ்டெயின் இறங்காது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, அதனால் அடிக்கிறதுக்கு முன்னால் தின்னரில் நனைத்த துணியால் ஒரு துடை. காலையில் கதவு நிழலில் இருக்கும்போதே அடித்துவிடு, சூடான பலகையில் அடித்தால் உள்ளே இறங்குவதற்குள் மேலே காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும்.

அப்புறம் கீழ் விளிம்பு. அதை யாருமே பார்ப்பதில்லை. மரத்தின் வெட்டு முனை தண்ணீரைக் குடிக்கும். கதவைக் கழற்றி, கீழேயும் மேலேயும் இரண்டு மூன்று கோட் ஊறவிடு. உள்பக்கத்தையும் சும்மா விடாதே, ஒரு பக்கம் மட்டும் அடித்த பலகை வளையும்.

ரம்யா: என் பால்கனி பெஞ்சுக்கு ஆளி விதை எண்ணெய் தடவலாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன், சரியா?

பெரிய மாமா: நிறமில்லாத எண்ணெய் மட்டும் வெயிலைத் தடுக்காது ரம்யா, மழைக்காலத்தில் கரும்பூஞ்சையும் பிடிக்கும். நிழல் பக்கமாக இருந்தால் தடவிக்கொள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே! அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டின துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடு, இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கு. கார்த்தி, எண்ணெய் கலந்த ஸ்டெயின் என்றால் உனக்கும் இதேதான்.

ரம்யா: ஐயோ, இது எனக்குத் தெரியவே தெரியாது.

செல்வி சித்தி: அண்ணே, அடுத்த கோட் எப்போது வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ஊஞ்சலுக்கும் இதையே அடிக்கப் போகிறேன்.

பெரிய மாமா: கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பார். முத்து முத்தாக நின்றால் இன்னும் நாள் இருக்கிறது. உடனே உறிஞ்சி மரம் கறுத்தால் அடித்துவிட வேண்டியதுதான்.

கார்த்தி: சாயங்காலம் கடைக்குப் போகிறேன் மாமா.

பெரிய மாமா: வாங்குவதற்கு முன்னால் டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எக்ஸ்டீரியர் என்று இருக்கிறதா, நிறம் கலந்ததா என்று பார்த்துச் சொல்கிறேன்.