குருத்தெலும்பு வெட்டில் திசுவுக்கு வெளியேயும் கால்சியம் தெரிவது ஏன்?

கேள்வி:
மூட்டுக் குருத்தெலும்பில் தனிமங்கள் எங்கெங்கே செறிந்திருக்கின்றன என்று படமாக்குவதற்காக, 10 மைக்ரான் தடிப்பில் சீவிய வெட்டுகளை எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் (எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் உமிழும் தனக்கே உரிய கதிரை அளக்கும் முறை) ஆராய்ந்து வருகிறேன். கந்தகம் மேற்பரப்பில் மங்கலாகவும் உள்ளே போகப்போகப் பிரகாசமாகவும் தெரிகிறது. கால்சியமோ திசுவின் விளிம்பைத் தாண்டியும் ஒரே சீராகப் பரவிக் கிடக்கிறது. செல்கள் உள்ள இடங்களில் பொட்டாசியம் தனித்துத் தெரியவில்லை. மாதிரியை ஃபார்மலினில் பதப்படுத்தி, பாஸ்பேட் உப்புக்கரைசலில் கழுவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டியிருந்தேன். பிழை எங்கே நேர்ந்திருக்கும்?

மறுமொழி 1:
நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஸ்லைடின் கால்சியம். சாதாரணக் கண்ணாடியில் கால்சியம் கணிசமாக உண்டு. இவ்வளவு மெல்லிய திசுவை எக்ஸ் கதிர் எளிதாகக் கடந்து கண்ணாடியையும் ஒளிரச் செய்துவிடும். வெறும் ஸ்லைடை ஒருமுறை அளந்து பாருங்கள். பொட்டாசியத்தின் கதை வேறு. அது செல்லுக்குள் கரைந்த நிலையில் இருப்பதால், செல்சவ்வு சிதைந்ததும் ஃபார்மலினிலும் கழுவிய நீரிலும் வெளியேறிவிடுகிறது. போதாக்குறைக்கு, உப்புக்கரைசல் தன் பங்குக்குப் பாஸ்பரஸைச் சேர்த்துவிடும் என்பதால், உங்கள் பாஸ்பரஸ் படத்தையும் நம்ப முடியாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வெறும் ஸ்லைடிலும் கால்சியம் அதே அளவில் வந்தது. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: அடியிலுள்ள எலும்பு மென்மையாக வேண்டும் என்பதற்காக மாதிரியை, கால்சியத்தைப் பற்றிக் கரைத்தெடுக்கும் இ.டி.டி.ஏ. கரைசலில் ஊற வைத்திருந்தேன். துத்தநாகத்தையும் பார்க்க விரும்புகிறேன்.

மறுமொழி 2:
அப்படியானால் இந்த மாதிரியில் துத்தநாகத்தைத் தேடாதீர்கள். இ.டி.டி.ஏ. கால்சியத்தோடு துத்தநாகத்தையும் ஈயத்தையும் பற்றி இழுத்துவிடும். சாதாரணக் குருத்தெலும்புக்கும் சுண்ணமேறிய குருத்தெலும்புக்கும் இடையில் டைட்மார்க் என்ற மெல்லிய எல்லைக்கோடு ஓடுகிறதே, துத்தநாகமும் ஈயமும் குவிவது அங்கேதான். அந்தக் கோட்டைத்தான் நீங்கள் கரைத்திருக்கிறீர்கள். சுண்ணம் நீக்காத துண்டை ரெசினில் பதித்து, அறுத்து, தேய்த்து மெலிதாக்குங்கள். பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் அது உதவாது. அவற்றுக்குத் திசுவை உடனே உறையவைத்து, எந்தத் திரவமும் படாமல் சீவி, உறைநிலையிலேயே உலர்த்தி, மெல்லிய பாலிமர் படலத்தின்மேல் வைக்க வேண்டும். ஒரே மாதிரியில் எல்லாத் தனிமங்களையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது, அது கைகூடுவதில்லை.

கந்தகப் படத்தை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். குருத்தெலும்பிலுள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலியான காண்ட்ராய்டின் சல்பேட்டில் பிணைந்துள்ள கந்தகம் உப்பைப் போலக் கரைந்து ஓடாது. ஆகவே அது, அச்சங்கிலிகளைத் தாங்கும் புரதமான புரோட்டியோகிளைக்கானின் பரவலைக் காட்டும் நல்ல சான்று. ஆயினும் நீர்க்கரைசல்களில் சிறிதளவு இழப்பு நேரும் என்பதால், அடுத்த வெட்டை, புரோட்டியோகிளைக்கானைச் சிவப்பாகக் காட்டும் சஃப்ரானின்-ஓ சாயத்தில் தோய்த்து ஒப்பிடுங்கள்.

மறுமொழி 3:
இன்னொன்றையும் கவனியுங்கள். கந்தகத்தின் கே கோடு (அது உமிழும் கதிரின் அடையாள ஆற்றல்) 2.31 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவிலும், ஈயத்தின் எம் கோடு ஏறத்தாழ 2.34 அளவிலும் விழுவதால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும். ரெசின் வெட்டில் டைட்மார்க் ஓரமாகக் கந்தகம் திடீரென உயர்ந்தால், 10.55 அளவிலுள்ள ஈயத்தின் எல் கோட்டைச் சரிபார்த்த பிறகே அதைக் கந்தகம் என்று குறியுங்கள். அளவீட்டை ஹீலியத்திலோ வெற்றிடத்திலோ நடத்துங்கள். கந்தகத்தின் வலுக்குறைந்த கதிரைக் காற்று பெருமளவு விழுங்கிவிடும்.