பேட்டரிப் பலகையும் சிவப்புத் தொப்பியும்: புதுச்சேரியில் யாரிடம் எப்படி மாட்டினீர்கள்?

எலக்ட்ரிக் லாங்போர்டு, அதாவது பேட்டரியில் ஓடும் நீளமான ஸ்கேட்டிங் போர்டு, ஓட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர் இருப்போம்? நான் நேரில் பார்த்தது என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேருமே ஏதாவது ஒரு நாள் நடுரோட்டில் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாருக்காவது பதில் சொல்லியிருப்போம். அதையெல்லாம் எழுதுங்களேன். முதலில் என் கதை.

பலகை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். ஒயிட் டவுனில் வாடகைக்கு இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றது. 160 வாட்-மணிக்கு (பேட்டரி பிடிக்கும் மின்சாரத்தின் அளவு) மேற்பட்ட பேட்டரியைப் பயணி விமானத்தில் கொண்டுபோக முடியாது. இது அதற்கு மேல். அதனால்தான் எனக்குப் பாதி விலைக்குக் கிடைத்தது. மூங்கில் பலகை, 90 மில்லிமீட்டர் சக்கரம், பின்சக்கரங்களுக்குள்ளேயே ஆளுக்கொரு மோட்டார், 36 வோல்ட் பேட்டரி, கையில் ஒரு ரிமோட். மணிக்கு 38 கிலோமீட்டர் என்று அட்டையில் போட்டிருந்தது. நான் 25-ஐத் தாண்டியதில்லை. நம்ம ஊர் ரோட்டில் 25-லேயே ஜல்லியைப் பல்லில் எண்ணலாம்.

முதல் சந்திப்பு கடற்கரைச் சாலையில். விடியற்காலை ஐந்தே முக்கால் இருக்கும். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டி விடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நடக்கிற கூட்டம் சேருவதற்குள் ஒரு சுற்று போய்விடலாம் என்று நினைத்தேன். காந்தி சிலையைத் தாண்டியதும் ஒரு சிவப்புத் தொப்பி, அதாவது புதுச்சேரிப் போலீஸ்காரர், கையைக் காட்டினார்.

“இன்னா தம்பி இது?”

“லாங்போர்டு சார். ஸ்கேட்டிங் போர்டு மாதிரி.”

“காலால உந்தவே இல்லியே நீ. எப்பிடிப் போவுது?”

“பேட்டரி சார்.”

“அப்போ வண்டி.”

“வண்டின்னு இல்ல சார், விளையாட்டுச் சாமான்...”

“விளையாட்டுச் சாமான்னா மைதானத்துக்குப் போ. வண்டின்னா ஏழரைக்கு மேல வா. நீயே சொல்லு, எது?”

இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. குறிப்பேட்டை எடுத்தார். நம்பர் என்ன என்றார். நம்பர் இல்லை. என்ன கம்பெனி என்றார். பலகையைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ‘பேட்டரிப் பலகை’ என்று எழுதினார். அப்புறம் அதை அடித்துவிட்டு நோட்டை மூடினார். நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் அணைந்திருந்த பலகை மேல் ஒரு காலை வைத்து ஏறினார். ஒரு சாண் உருண்டது. “வேணாம்பா” என்று இறங்கி, தொப்பியை வாங்கிக்கொண்டு, “எடுத்துகினு நட” என்றார். துய்ப்ளே சிலை வரைக்கும் நடந்தேன். எட்டுக் கிலோ.

அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இருக்கிற விளக்கப்படி, இயந்திர சக்தியில் ரோட்டில் போகத் தக்கதெல்லாம் மோட்டார் வாகனம். விதிவிலக்கு ஒன்று உண்டு. நான்கு சக்கரத்துக்குக் குறைவாகவும் இன்ஜின் 25 சிசிக்கு மிகாமலும் இருந்தால் அது மோட்டார் வாகனம் இல்லை. நம்மிடம் இன்ஜினே கிடையாது, ஆனால் சக்கரம் சரியாக நான்கு! கார் ஜாதி. பேட்டரி வண்டிக்குத் தனியாக ஒரு சலுகை இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதைச் சோதனை நிறுவனம் சரிபார்த்துச் சான்று தர வேண்டும். பேட்டரி சைக்கிள்கள் லைசென்ஸ் இல்லாமல் ஓடுவது இதை வைத்துத்தான். நம் பலகையின் ஒரு மோட்டாரே 250-ஐத் தாண்டிவிடும். சான்றும் கிடையாது. சரி, பதிவு செய்யலாம் என்றால் இதில் நம்பர் பிளேட் மாட்ட இடம் ஏது, ஹெட்லைட் ஏது? சட்டப்படி இது வண்டி, ஆனால் எந்தக் காலத்திலும் பதிவு செய்ய முடியாத வண்டி. பதிவில்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது 192-ஆம் பிரிவு. எனக்கு அதை யாரும் போடவில்லை. இதற்கு ஒரு பெயர் இல்லாததால் தப்பித்தோம் என்றுதான் நினைக்கிறேன். அந்த நோட்டில் அடிக்காமல் விட்டிருந்தால் கதை வேறு.

எதிர் வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். பாரிசில் வாடகை ஸ்கூட்டர்களை வேண்டுமா வேண்டாமா என்று 2023-இல் ஓட்டெடுப்பு வைத்து எடுத்துவிட்டார்கள் இல்லையா, அதைச் சொல்லி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “அங்கயே தூக்கிட்டான், நீ இங்க ஓட்டிகினு இருக்க” என்பார். அது வாடகை வண்டி தாத்தா, சொந்த வண்டியைத் தடுக்கவில்லை என்றேன். “நீ வாடகை வூட்லதான இருக்க” என்றார்.

போலீஸை விட என்னைப் பயமுறுத்தியது குயிலாப்பாளையம் இறக்கம். ஈசிஆரில் கோட்டக்குப்பம் வந்தாலே தமிழ்நாடு. சிவப்புத் தொப்பி போய்க் காக்கித் தொப்பி வந்துவிடும். கொஞ்சம் வடக்கே போனால் காலாப்பட்டு, திரும்பவும் புதுச்சேரி. எந்த ஊர்ப் போலீஸிடம் மாட்டுகிறோம் என்று ரோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கு யாரும் நிறுத்தவில்லை. குயிலாப்பாளையத்தில் ஒரு டீக்கடையில் சார்ஜ் போட்டுவிட்டு, டீ, சமோசா, மறுபடி டீ என்று முழுசாக ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். தப்பு அங்கேதான். இந்தப் பலகையில் பிரேக் பிடித்தால் மோட்டாரே டைனமோவாக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரி நிறைந்திருந்தால் அனுப்ப இடமில்லை. பேட்டரி கெடக்கூடாது என்று கன்ட்ரோலர் பிரேக்கைக் கைவிட்டுவிடும். பேட்டரிக்கு நல்லது, நமக்கு? இறக்கத்தில் பாதி வந்ததும் ரிமோட் கீச்சென்றது, பிடிமானம் போய்விட்டது. எதிரே ஒரு மாட்டு மந்தை. செம்மண் ஓரமாகக் குதித்தேன். உள்ளங்கைத் தோல் போனது. மாடு மேய்த்த அம்மா, “பலக தனியா போவுது பாரு” என்று அதைத் துரத்திக்கொண்டு ஓடிப் பிடித்துக் கொடுத்தார். இப்போதெல்லாம் மேட்டிலிருந்து இறங்குவதாக இருந்தால் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. கையுறை இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதும் இல்லை.

நாய்களைப் பற்றி ஒரு வரி: அதற்கு மோட்டாரின் அந்த மெல்லிய ஊளைச் சத்தம்தான் பிடிக்கவில்லை. இறங்கி நின்றுவிட்டால் குழம்பிப்போய்த் திரும்பிவிடும்.

எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல வார்த்தை வைத்திக்குப்பத்தில். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துவிட்டு, “முட்டிய இன்னும் மடக்கு. கட்டுமரத்துல நிமிந்து நின்னா தண்ணிலதான் இருப்ப” என்றார். சக்கரம் நடுங்கி விழப்போகும்போதெல்லாம் அவர் சொன்னதுதான் கைகொடுக்கிறது. பலகை ஓட்டச் சொல்லித்தரும் எந்த வீடியோவிலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்தவர்கள் சொல்லுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து:

உங்களுக்குத் தொப்பி கிடைத்தது, எனக்கு மூன்று நாள் அலைச்சல். தேவனாம்பட்டினம் ரோட்டில் சில்வர் பீச்சுக்குப் போகும்போது வாகனச் சோதனையில் மாட்டினேன். எந்தக் காவல் நிலையம் என்று சொல்லவில்லை, விடுங்கள். ஆர்சி இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, என்ன வண்டி என்றே தெரியவில்லை என்று பலகையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். என்ன பிரிவில் எழுதுவது என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு. மறுநாள் போனால் பிடித்து வைத்த பைக்குகளுக்கு நடுவே பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் போனால் இரண்டு செங்கல் மேல் ஏறி, அதன் மேல் நான்கு டீ கிளாஸ்! கடைசியில் வழக்கெல்லாம் இல்லை. “பொதுச் சாலையில் இனி ஓட்டமாட்டேன்” என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். டீக்கறை இன்னும் போகவில்லை. எழுதிக் கொடுத்ததை மீறவும் மனம் வரவில்லை. மச்சான் வேலை செய்யும் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாளில் பார்க்கிங் காலியாக இருக்கும். அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், செக்கு மாடு மாதிரி.

இன்னொன்று. பீச் பக்கம் வளைவுகளில் தார் மேல் மணல் படிந்திருக்கும், தூரத்திலிருந்து தெரியாது. பலகை நின்றுவிடும், நாம் போய்க்கொண்டே இருப்போம். முழங்கை தழும்பு அங்கே வாங்கியது.

லாஸ்பேட்டையிலிருந்து:

நான் ஹெலிபேட் மைதானத்தில் ஓட்டுகிறேன். அங்கே நடக்க வருகிறவர்களுக்கு என்னைப் பழகிவிட்டது. ஒரு அம்மா மட்டும் தினமும், “துப்பட்டாவ இறுக்கிக் கட்டு கண்ணு, சக்கரத்துல மாட்டினா என்னா ஆவறது” என்பார். சரியான பேச்சு. துப்பட்டாவையே விட்டுவிட்டேன்.

மைதானத்துக்கு வரும் வழியில் ஒரே ஒரு தடவை போலீஸ் நிறுத்தினார். லைசென்ஸ் கேட்பார் என்று பையைத் திறந்தேன். “அப்பா நம்பர் குடும்மா” என்றார். எனக்கு 31 வயது, கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. கொடுத்தேன். அப்பா ஃபோனில் என்ன சொன்னாரோ, அவர் சிரித்துக்கொண்டே, “சின்ன வயசுல ரோலர் ஸ்கேட்டிங்ல கப்பு வாங்கினியாமே, போம்மா” என்று விட்டுவிட்டார். நான் வாங்கினது பேச்சுப் போட்டியில்.

உண்மையான தொல்லை பைக்கில் வரும் பையன்கள். ஃபோனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஒட்டி வருவார்கள். வேகத்தைக் குறைத்தால் அவர்களும் குறைப்பார்கள். ஒரு நாள் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குள் போய்ப் பதினைந்து நிமிடம் உளுத்தம்பருப்பு பார்த்தேன். இதையெல்லாம் எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று யாராவது படித்துச் சொல்லுங்கள்.

தினமும் கடற்கரையில் நடப்பவர்:

நான் ஓட்டுகிறவன் இல்லை. எல்லோரும் வேடிக்கையாக எழுதுகிறீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். போன மாசி மாதம் அதிகாலையில் பழைய கலங்கரை விளக்கம் பக்கத்தில் என் மனைவியை உரசுகிற மாதிரி பின்னாலிருந்து ஒரு பலகை போனது. சத்தமே இல்லை. சைக்கிள்காரன் என்றால் மணி அடிப்பான். அவளுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆகி ஆறு மாதம்தான். பயத்தில் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். வண்டி வராது என்று நம்பித்தான் ஐயா அந்த நேரத்தில் அங்கே வருகிறோம்.

முதலில் எழுதிய நான்:

ஐயா, மாசியில் நான் அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். அது நானாகக்கூட இருக்கலாம். திரும்பிப் பார்க்காமல் போகிறவனுக்குப் பின்னால் யார் உட்கார்ந்தார்கள் என்று எப்படித் தெரியும்? அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். கடற்கரைச் சாலையில் இனி ஓட்டப் போவதில்லை. அந்தப் போலீஸ்காரர் கேட்ட கேள்விக்கு என் பதில் ‘வண்டி’தான், ஏழரைக்கு முன்னால் அங்கே அதற்கு வேலை இல்லை.

இரண்டு வாரமாக மணி மாட்டப் பார்க்கிறேன். ஹேண்டில் பார் இல்லாத வண்டியில் எங்கே மாட்டுவது? தற்போதைக்கு ஒரு சைக்கிள் மணியை ரப்பர் பேண்டால் இடது மணிக்கட்டில் கட்டியிருக்கிறேன். வலது கையில் ரிமோட், இடது கையில் மணி. பூம்பூம் மாட்டுக்காரர் என்கிறாள் என் தங்கை.

லாஸ்பேட்டைக்காரரே, ஞாயிற்றுக்கிழமை நானும் ஹெலிபேட் பக்கம் வருகிறேன். கடலூர்க்காரர் முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்துச் சொன்னால் அங்கேயே வந்துவிடுகிறோம். அப்புறம் ஒரு உதவி: உப்புக் காற்றில் சக்கரத்தின் 608 அளவு பேரிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை துருப்பிடித்துக் கரகரக்கிறது. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், மணல்தான் ஒட்டுகிறது. துருப்பிடிக்காத ரகம் இங்கே எந்தக் கடையில் கிடைக்கிறது?