மறு: சேடில் ஸ்டே – ‘தாங்கி’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

பைக்கின் பின்சீட்டுக்கு இருபுறமும் தொங்குகிற பைகளுக்காக மாட்டும் வளைகம்பிதான் ‘சேடில் ஸ்டே’. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்று இந்த இழையில் நாலு நாளாகப் பேசுகிறோம். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று படுகிறது.

> ‘பைதாங்கி’ என்றே வைத்துவிடலாமே ஐயா. எல்லோருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். துணிப்பை எதில் தொங்குகிறது? சீட்டுக்குக் குறுக்கே போகிற இரண்டு பட்டைகளில். பாரம் அந்தப் பட்டை வழியாகச் சீட்டுக்கும் சேசிஸுக்கும் இறங்கிவிடுகிறது. பக்கவாட்டில் வளைந்து நிற்கிற கம்பிக்கு ஒரே வேலைதான்: பை உள்பக்கம் சாய்ந்து சக்கரத்திலோ செயினிலோ சைலன்சரிலோ படாமல் நிறுத்துவது.

நான் முதலில் கம்பியே இல்லாமல் பையைப் போட்டுப் போனவன். ஒரு வேகத்தடையில் வலப்பக்கப் பை ஆடிப்போய் சைலன்சரில் ஒட்டிக்கொண்டது. நாற்றம் மூக்கில் ஏறியபின் இறங்கிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு நைலான் உருகிப் பாகாய் வழிகிறது. உள்ளே இருந்த மழைக்கோட்டும் போச்சு. சரி என்று கம்பி வாங்கி மாட்டினேன். மாட்டியவன் சும்மா இருந்தேனா? ‘சப்போர்ட்’ என்றும்தானே பேர், தாங்கட்டும் என்று பையின் கொக்கியைக் கம்பியிலேயே மாட்டி, ஸ்பேனர் செட்டையும் அடியில் போட்டேன். மேல்முனைப் பற்றுவைப்பில் (வெல்டிங்கில்) மயிரிழை விரிசல் விட்டது. பெயரை நம்பிக் கெட்டவன் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘தாங்கி’ நல்ல சொல்தான். சாலையோரச் சுமைதாங்கிக் கல்லின் மேல் தலைச்சுமையை இறக்கி வைத்தால் முழுப் பாரத்தையும் கல் ஏற்றுக்கொள்ளும். அலுமினியப் பெட்டிகளை மாட்டுவதற்கென்று வருகிற கனமான சட்டமும் அப்படித்தான், பெட்டி அதன்மேல்தான் உட்காருகிறது. ஆகவே அதற்குப் ‘பெட்டிதாங்கி’ என்று வைப்போம். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் என்னைப்போல் இன்னொருவர் கொக்கியை மாட்டுவார்.

> மட்கார்டு கம்பி என்கிறோம். அதே வழியில் ‘பைக்கம்பி’?

மட்கார்டு கம்பியை நினைவுபடுத்தியதற்கு நன்றி. சைக்கிள் கடையில் ‘ஸ்டே’ என்பதற்கு யாரும் குழு கூட்டாமலே வந்த சொல் அது. ஆனால் நண்பரே, ‘பைக்கம்பி’யைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். பைக் கம்பி! புணர்ச்சி விதி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. ‘தள்ளுகம்பி’ என்றொரு யோசனையும் வந்தது. எஞ்சினுக்குள் வால்வை இயக்குகிற புஷ்ராடுக்கு அந்தப் பெயர் தேவைப்படும், இங்கே செலவழிக்க வேண்டாம்.

என் முன்மொழிவு: பையணை.

தலையணை மாதிரி, பை வந்து சாய்வதற்கு ஓர் அணை. ஆற்றின் குறுக்கே நிற்கிற அணையும் தண்ணீரைத் தூக்கிச் சுமப்பதில்லை, அப்பால் போகவிடாமல் நிறுத்துகிறது. சாய்தல், நிறுத்தல் இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. கம்பியோ குழாயோ தகடோ, எதில் செய்தாலும் பெயர் பொருந்தும். பஞ்சணையும் அரியணையும் ஆளைத் தாங்குகின்றனவே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனாலும் ‘தாங்கி’ அளவுக்கு ‘அணை’ சுமப்பதை அடித்துச் சொல்லவில்லை.

பைக்கு என்ன பெயர் என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. சேணமே இல்லாத வண்டிக்குச் ‘சேணப்பை’ ஏன் என்பது மட்டும் உறுத்துகிறது. ‘பக்கப்பை’ போதும். பழைய சொல்லே வேண்டுமென்றால் பெரும்பாணாற்றுப்படையில் ஒன்று இருக்கிறது: மிளகு சுமந்து போகிற கழுதைகளின் சுமைக்குப் ‘புணர்ப்பொறை’ என்று பெயர். இரண்டு பக்கமும் பாரம் ஒத்திருக்கும்படி சேர்த்துக் கட்டிய சுமை. அந்தக் கழுதைகளின் முதுகில் வடு இருந்ததாகவும் அங்கேயே வருகிறது. என் வண்டியின் பக்கப் பேனலில் பை உரசிய தடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வடுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் போய்ப் புணர்ப்பொறை என்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க, பொருத்தும் குறிப்பை அதை வைத்து எழுதிப் பார்ப்பது என் வழக்கம்:

“வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தவும். ஒரு பக்கத்தை முடித்தபிறகே மறுபக்கத்தின் ஷாக் அப்சார்பர் போல்ட்டைத் தொடவும். பையணையின் மேல்காதை வாஷருக்கு வெளியே வைக்கவும், உள்ளே வைத்தால் ரப்பர் புஷ் நசுங்கும். காதின் கனத்துக்கு ஏற்ற நீள போல்ட் தேவை. பழையதன் தலையில் 8.8 என்று வலிமைக் குறி இருந்தால் புதியது அதற்குக் குறையக்கூடாது. எல்லா முனைகளையும் முதலில் கையால் திருகி, பையணை இழுபறி இல்லாமல் உட்கார்ந்தபின் இறுக்கவும். பின்னால் ஒருவரை உட்காரவைத்து வண்டியை அமுக்கி, பைக்கும் செயினுக்கும் இடைவெளி இருக்கிறதா பார்க்கவும். இண்டிகேட்டர் மறைந்தால் இடம் மாற்றவும். முதல் பயணம் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவும்.”

எனக்கு நாக்கில் தட்டவில்லை. ‘காது’ என்று எழுதியதையும் கவனியுங்கள், ஓட்டையோடு நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக்கு அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. (8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 விழுக்காட்டிலேயே போல்ட் நிலையாக நீளத் தொடங்கிவிடும். அந்த ‘ஈல்டு’க்குச் சொல் தேடினால் இன்னொரு நாலு நாள். வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.)

ஒரு குறை எனக்கே தெரிகிறது. ‘பை அணை’ என்று பிரித்து எழுதினால் விளக்கை அணை என்பதுபோல் ஏவலாகிவிடும். சேர்த்தே எழுத வேண்டும் என்று பட்டியலில் குறிப்புப் போட்டுவிடலாம். சைலன்சர் பக்கத்துக்கு வருவது பெரும்பாலும் இன்னும் வெளியே தள்ளி வளைந்திருக்கும், அதனால் இடப்பையணை, வலப்பையணை என்று தனிப் பதிவுகள் வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் பையணை, பெட்டிதாங்கி, பக்கப்பை மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.