கதவு உள்ளே போய் மறைகிற வெக்னர் அலுமாரி

இந்தக் குழுவில் பழைய டெனிஷ் தளபாடங்களோடு பழகின கதைகளை எல்லாரும் எழுதுகிறீர்கள், பெரும்பாலும் கதிரைகளைப் பற்றித்தான். என்னிடம் இருப்பது ஒரு அலுமாரியின் கதை. டென்மார்க்கின் பேர்போன தளபாட வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் வடிவமைத்தது, ரீ மொப்லர் என்ற தொழிற்சாலை செய்தது. வெளியே தேக்கு, கால்கள் ஓக், நீளம் இரண்டு மீற்றர் அளவில் இருக்கும். டென்மார்க்கின் யூலன்ட் பகுதியில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு வயதான அம்மா சின்ன வீட்டுக்கு மாறிப் போனபோது எங்களுக்கு விற்றார். கல்யாணம் முடித்த புதிதில் வாங்கினதாம்.

முன்பக்கம் முழுக்க மெல்லிய மரக் கீற்றுகள் நெடுக்காக நெருக்கி அடுக்கினது போல இருக்கும், நடுவில் இரண்டு கைபிடி. பிடித்துத் தள்ளினால் கதவு பக்கவாட்டில் நகர்ந்து, மூலையில் வளைந்து, அப்படியே காணாமல் போய்விடும். எங்கள் அம்மா முதல் தடவை திறந்துவிட்டு, "கதவு எங்க போட்டுது பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் போய்ப் பார்த்தார். பின்னால் ஒன்றுமே தெரியாது. உள்ளே இன்னொரு பலகைச் சுவர் இருக்கிறது, அதற்கும் வெளிப்பலகைக்கும் நடுவில் விட்ட ஒடுக்கமான இடத்துக்குள்தான் கதவு போய் நிற்கும்.

ஒரு பக்கத்துக் கதவு இறுகிக்கொண்டது. ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் வந்து உதவி செய்தார். பின்பலகையின் திருகாணிகளைக் கழற்றினதும், கதவை, அது ஓடுகிற தவாளிப்பு (மரத்தில் வெட்டின பள்ளம்) வழியே பின்னுக்குத் தள்ளி முழுசாக வெளியே எடுத்து மேசையில் விரித்துவிட்டார். அப்போதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாக வெட்டி, ஒரு கன்வஸ் துணியில் பக்கம் பக்கமாக ஒட்டினது. வளைவது துணிதான், மரம் இல்லை. காலப்போக்கில் பசை காய்ந்து இரண்டு மூன்று கீற்றுகள் துணியை விட்டுக் கிளம்பியிருந்தன, அதுதான் சிக்கல். பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை பூசி, இரண்டு பலகைக்கு நடுவே பாரம் வைத்துக் காயவிட்டோம். தவாளிப்புக்கு எண்ணெய் விடாதே, தூசி ஒட்டும், மெழுகுதிரியைத் தேய் என்றார். அன்றையிலிருந்து ஒரு விரலால் தள்ளினாலே போகிறது.

வெக்னரைப் பற்றி நான் தேடி வாசிக்கத் தொடங்கினது இதற்குப் பிறகுதான். 1914இல் ஜெர்மன் எல்லைப் பக்கத்து டொன்டர் நகரில் பிறந்தவர், அப்பா செருப்புத் தைக்கிறவர். பதின்ம வயதிலேயே ஒரு தச்சரிடம் தொழில் பழகப் போய்விட்டார், வடிவமைப்புப் படிப்பெல்லாம் பிறகுதான். ஓர்ஹூஸ் நகர மண்டபத்துத் தளபாடங்களைக் கட்டடக் கலைஞர் ஆர்ன யாகொப்சனோடு சேர்ந்து செய்தபோது இருபதுகளில்தான் இருந்தார். 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதம் செய்தபோது போட்டிருந்தது இவருடைய கதிரைதான் என்பதைப் பலர் இங்கே எழுதிவிட்டீர்கள். கதிரைகள் மட்டுமே ஐந்நூறுக்கு மேல் வரைந்திருக்கிறார். அதனாலேயே அலுமாரிகளை யாரும் பேசுவதில்லை, எனக்கு அதில் உண்மையிலேயே மனவருத்தம்.

அந்தத் தச்சர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. 1951இல் ஐந்து தொழிற்சாலைகள் சேல்ஸ்கோ என்ற பெயரில் ஒன்றாகச் சேர்ந்து வெக்னரின் தளபாடங்களை விற்றன. ஒன்றுக்கொன்று போட்டி இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. கார்ல் ஹன்சன் மரக் கதிரை, அன்ட்ரியாஸ் டுக் மேசை, ஏ.பி. ஸ்டோலன் மெத்தை வைத்த கதிரை, கெடாமா படுக்கிற சாமான்கள், ரீ மொப்லர் அலுமாரி. ஆக, ஒரே மனிதர் வரைந்ததை வைத்தே ஒரு வீட்டை நிரப்பலாம். ரீ என்பது சில்கபோர்க் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். அந்த ஊர்த் தொழிற்சாலை மெஷின் வைத்துத்தான் செய்தது, ஆனாலும் கதவை மூடினால் யாருமே பார்க்காத உள்தட்டுகளைக்கூட ஓக்கில் செய்து, விளிம்பெல்லாம் கைக்கு இதமாக உருட்டி விட்டிருக்கிறார்கள். பெயருக்காக விலை கொடுக்கிறவர்களிடம் நான் சொல்வது, முதலில் லாச்சியையும் தட்டையும் இழுத்துப் பாருங்கள் என்பதுதான். பின்பக்க முத்திரையை அதற்குப் பிறகு தேடலாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. தேக்கு என்றால் முழுப் பலகை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வகை அலுமாரிகளில் பெரிய தட்டையான பகுதிகள் பெரும்பாலும் வினியர்தான், அதாவது வேறு பலகையின் மேல் ஒட்டின தேக்குச் சீவல், தாள் போல மெல்லிசு. மேலே கிளாஸ் வைத்த வட்டக் கறை இருக்கிறதே என்று மெஷின் போட்டுத் தேய்த்தால் அந்தத் தேக்கே போய்விடும். நாங்கள் கையால், மரத்தின் ரேகை போகிற பக்கமாக, மிக நைசான சாண்ட்பேப்பரால் லேசாகத் தேய்த்து, எண்ணெய் பூசி, மிச்ச எண்ணெயைத் துடைத்து எடுத்தோம். கறை முழுசாகப் போகவில்லை, போகவும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஓக் கால்களுக்கு எண்ணெய் வேண்டாம், மஞ்சள் பிடிக்கும். டெனிஷ்காரர் செய்வது போல சோப்புத் துருவலைச் சுடுநீரில் கரைத்துத் துடைத்தால் வெளிர் நிறம் அப்படியே நிற்கும்.

எங்களுடையதில் இடது பக்கக் கதவின் கன்வஸ் இப்போது கீழ் ஓரத்தில் நூல் பிரியத் தொடங்குகிறது. முழுத் துணியையும் மாற்றினவர்கள் இங்கே யாராவது இருந்தால், என்ன பசை போட்டீர்கள் என்று எழுதுங்கள். கெட்டியான பசை போட்டால் வளைவில் விறைத்துக்கொள்ளுமோ என்று யோசனையாக இருக்கிறது.