புழல் சிறைக்குக் கடிதம் போடுவது எப்படி?

மழைத்துளி:
தம்பி விசாரணைக் கைதியாகப் புழலில் இருக்கிறான். ஊர் திருநெல்வேலிப் பக்கம், வாராவாரம் மனு பார்க்க, அதாவது அவனை நேரில் சந்திக்க, போக முடியாது. அம்மா எழுதிய இரண்டு கடிதமும் அவனுக்குக் கிடைக்கவில்லை. முகவரி எப்படி எழுதணும்? வக்கீலுக்கு வழக்கை நடத்த அதிகாரம் கொடுக்கிற வக்காலத்தையும் கவரிலேயே வைத்து அனுப்பலாமா?

கரிசல்காடு:
பெயர் மட்டும் போட்டிருந்தால் கிடைத்திருக்காது. உள்ளே எத்தனையோ முருகன், எத்தனையோ கார்த்திக். பெயர், தகப்பனார் பெயர், கைதி எண், அடுத்து 'மத்திய சிறை-2, புழல், சென்னை 600066' என்று எழுதுங்கள். புழல்-1 தண்டனைக் கைதிகளுக்கு, புழல்-2 விசாரணைக் கைதிகளுக்கு. இந்த ஒற்றை எண் மாறினாலே கடிதம் அலையும். கைதி எண் தெரியாவிட்டால் மனு பதிகிற இடத்தில் கேளுங்கள்.

இன்லேண்ட் லெட்டரே போதும், இரண்டரை ரூபாய்தான். அதற்குள் போட்டோ, துண்டுச்சீட்டு எதையும் செருகாதீர்கள். தபாலில் கூடுதல் கட்டணம் விழும், அதைக் கட்டி வாங்க அங்கே ஆள் இருக்காது.

வேப்பமரம்:
கடிதத்தைச் சிறை அலுவலர்கள் பிரித்துப் படித்த பிறகுதான் கையில் கொடுப்பார்கள். அதனால் வழக்கு, சாட்சி, போலீஸ் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். அந்த ஒரு வரிக்காக முழுக் கடிதமும் நின்றுபோகலாம். அம்மாவிடம் சொல்லுங்கள்: மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், மாடு கன்று போட்டிருக்கிறது, இந்த மாதிரி எழுதட்டும். உள்ளே இருப்பவருக்கு அதுதான் சோறு. மேலே தேதி கட்டாயம். நான்கு கடிதம் சேர்ந்து கிடைத்தால் எது முந்தியது என்று தெரியணும். வீட்டு முகவரியையும் பின்கோடோடு கடிதத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். பதில் போட உட்காரும்போது செல்போனில் தேடிப் பார்க்க வழியில்லை.

கரிசல்காடு:
வக்காலத்தைத் தபாலில் விடாதீர்கள். தம்பி கையெழுத்துப் போட்டு, அதற்குச் சிறை அதிகாரி சான்றொப்பமும் முத்திரையும் வைக்கணும். வக்கீல் நேரில் கொண்டுபோனால்தான் வேலை நடக்கும், வாய்தாவும் தப்பாது.

முக்கியமான கடிதம் என்றால் ஸ்பீடு போஸ்ட் போடுங்கள். பதிவுத் தபாலை 2025 செப்டம்பரிலிருந்து அதோடு சேர்த்துவிட்டார்கள். 'டெலிவர்டு' என்று வந்தால் சிறை அலுவலகத்தில் சேர்ந்தது என்றுதான் அர்த்தம், தம்பி கைக்குப் போனதாக இல்லை.

வேப்பமரம்:
இன்னொன்று. சிறை போனில் தம்பி முன்கூட்டி எழுதிக்கொடுத்த எண்களுக்கு மட்டும்தான் பேச முடியும். வீட்டில் யாரும் இப்போது சிம்மை மாற்றாதீர்கள்.

மழைத்துளி:
அம்மா புழல் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார், 2 இல்லை. அப்பா பெயரும் இல்லை. இன்றைக்கே புதிதாக எழுதுகிறோம்.