முன்கவை ஒலிக்கு ஒரு சொல்: ‘மேல்முட்டல்’ ஏன் பொருந்தாது

கலைச்சொல் குழு அன்பர்கள் அனைவருக்கும் டர்பனிலிருந்து வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்களில் முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கவையில் எழும் ஒலிகளுக்குச் சொல் தேடும் இந்த விவாதத்தில், கவை முழுதும் நீண்டு முட்டும் ‘டாப்பிங் அவுட்’ என்பதற்கு ‘மேல்முட்டல்’ என்றும், முழுதும் அமுங்கி முட்டும் ‘பாட்டமிங்’ என்பதற்கு ‘அடிமுட்டல்’ என்றும் மதுரை ஐயா முன்மொழிந்திருந்தார்; கோலாலம்பூர் அண்ணன் அதை வழிமொழிந்திருந்தார். ‘ஃபோர்க்’ என்று எழுதிவந்த நமக்குக் ‘கவை’ என்னும் பழஞ்சொல்லை எடுத்துத் தந்தவரே மதுரை ஐயாதான் என்பதை மறக்கவில்லை. ஆனாலும் இந்த இரு சொற்களும் பட்டியலில் ஏறுவதற்கு முன் என் மறுப்பைச் சொல்லியாக வேண்டும். காரணம், ‘மேல்முட்டல்’ என்ற சொல்லை நம்பி ஒரு வண்டியைத் தவறான இடத்தில் பிரித்த நிகழ்ச்சி என் குடும்பத்திலேயே நடந்துவிட்டது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் அக்காள் மகனிடம் 1951ஆம் ஆண்டின் பிஎஸ்ஏ பி31 மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. 348 சிசி, ஒற்றை சிலிண்டர், தொலைநோக்கிக் குழாயைப்போல் ஒன்றனுள் ஒன்று நழுவும் முன்கவை. வேகத்தடையைக் கடக்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் ‘டொக்’ என்று ஒரே ஓர் ஒலி கேட்டது. நம்முடைய வரைவுப் பட்டியலை நான்தான் அவனுக்கு அனுப்பியிருந்தேன். சனிக்கிழமை வகுப்பில் தமிழ் கற்றவன். சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்துப் படிப்பவன். ‘மேல்முட்டல்’ என்று கண்டதும், கவையின் மேல்முனையில், அதாவது கைப்பிடிக்குக் கீழே வண்டியின் கழுத்தில், ஏதோ முட்டுகிறது என்று எடுத்துக்கொண்டு அங்கே கைப்பிடி திரும்ப உதவும் குண்டுத் தாங்கியான கோன்செட்டை இறுக்கிவிட்டான். ஒலி நிற்கவில்லை. அதோடு, மெதுவாகப் போகும்போது வண்டி நேராக நிற்காமல் இரு பக்கமும் அலையத் தொடங்கியது. கோன்செட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் கைப்பிடி தானாகத் திரும்பி நேராக முடியாது; அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் குண்டுகள் கிண்ணத்தில் பள்ளம் பதித்துவிடும். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல் காட்டிய இடத்தில்தான் அவன் கை வைத்தான்.

உண்மையில் அந்த ஒலி எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். சக்கரம் வேகத்தடையின் மேல் ஏறும்போது கவை அமுங்குகிறது, சுருள்வில் சுருங்குகிறது. தடையைத் தாண்டிச் சக்கரம் இறங்கும்போது, சுருங்கிய வில் தன் முழு வலுவுடன் கவையை நீட்டுகிறது. அந்த வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவைக்குள் இருக்கும் எண்ணெய்தான்: சிறு துளைகளின் வழியே அது பிதுங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் நீளும் வேகம் தணிகிறது. எண்ணெய் குறைந்திருந்தாலோ, நீர்த்துப்போயிருந்தாலோ, உள்ளே இருக்கும் தண்டின் மரை கழன்றிருந்தாலோ, தணிப்பார் இல்லாமல் கவை தன் எல்லைவரை பாய்ந்து நீண்டு அங்கே இரும்பும் இரும்புமாக முட்டிக்கொள்கிறது. அப்போது சக்கரம் இருப்பது தன் பாதையின் மிகத் தாழ்ந்த இடத்தில். ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘மேல்’, ஓட்டுபவரையும் வண்டியின் உடலையும் நோக்கிச் சொன்னது. சக்கரத்தை நோக்கினால் அதே நிகழ்ச்சி ‘கீழ்’ ஆகிறது. எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் திசையை மட்டும் சொல்லும் சொல் பழுது பார்ப்பவருக்கு உதவாது.

‘அடிமுட்டல்’ பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. வேகத்தடையில் காரின் வயிற்றுப்பகுதி உரசினால் ‘அடி தட்டுகிறது’ என்று எல்லா ஊர்த் தமிழரும் சொல்கிறோம். அதற்கு இவ்வளவு நெருக்கமான ஒரு சொல்லைக் கவைக்குள் நடக்கும் வேறொரு நிகழ்ச்சிக்குக் கொடுத்தால் குழப்பமே மிஞ்சும்.

ஆகவே, திசையை விட்டுவிட்டு அசைவைச் சொல்லும் சொற்களை முன்வைக்கிறேன்: கவை முழுதும் விரிந்து முட்டுவது ‘விரிமுட்டு’, முழுதும் அமுங்கி முட்டுவது ‘அமுங்குமுட்டு’. இரண்டும் வினைத்தொகைகள். ‘எழுதுகோல்’, ‘ஊறுகாய்’ என்று நாம் நாள்தோறும் புழங்கும் வடிவமே இது; எனவே புதுச்சொல் என்ற கூச்சம் இதில் இருக்காது. முதலில் நான் ‘நீள்முட்டு’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் ‘நீள்வட்டம்’ பழகிய கண்ணுக்கு அது ‘நீளமான முட்டு’ என்று படும் என்பதால் கைவிட்டேன். ‘விரி’ என்பதற்கு இணையாகச் ‘சுருங்கு’ இருக்க ‘அமுங்கு’ எதற்கு என்று கேட்கலாம். இலக்கணப் பொருத்தத்தில் ‘சுருங்குமுட்டு’ முந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழுதைச் சோதிப்பவர் கைப்பிடியைப் பிடித்து அமுக்கித்தான் பார்க்கிறார். கை செய்யும் வேலையே சொல்லிலும் இருப்பது நல்லது.

யாழ்ப்பாணத்துத் தங்கை, ‘முட்டு’ என்றால் தாங்குகோலும் ஆகுமே, ‘முட்டுக் கொடுத்தல்’ என்கிறோமே என்று எச்சரித்திருந்தார். சரியான எச்சரிக்கைதான். ஆனால் ‘மோதல்’ என்று மாற்றினால் தனித்தனியே வரும் இரு பொருள்கள் எதிர்ப்படுவதாகப் பொருள் விரிகிறது. இங்கே ஒரே உறுப்பின் இரு பகுதிகள் தம் எல்லையில் தடைபடுகின்றன. அதற்கு ‘முட்டு’ என்பதே நெருக்கமான சொல்.

இந்தச் சொற்கள் எண்ணெய்க் கவைக்கு மட்டும் பொருந்தினால் எங்களுக்குப் போதாது. இங்கே 1913 முதல் 1936 வரை டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது; கடலோரத்தில் தொடங்கி 1,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துக்கு ஏறும் வழி அது. அதன் நினைவாக இன்று நடக்கும் ஓட்டத்தில் 1936க்குப் பிந்திய வண்டிகளுக்கு இடமில்லை. எண்ணெயால் தணிக்கும் குழாய்க் கவையை விற்பனை வண்டியில் முதலில் பொருத்தியது பிஎம்டபிள்யூ, 1935இல், ஆர்12 வண்டியில். ஆகவே அந்த ஓட்டத்துக்கு வரும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது சட்டக்கவை: நடுவில் ஒரு சுருள்வில், மேலும் கீழும் அசையும் இணைப்புகள், உராய்ந்து தணிக்கும் வட்டத் தகடுகள். அங்கே எண்ணெய் இல்லை, ஆனால் வில் அமுங்குவதும் விரிவதும் உண்டு. எனவே விரிமுட்டும் அமுங்குமுட்டும் அங்கும் செல்லும்.

பட்டியலில் சொல்லோடு சோதனையையும் சேர்க்க வேண்டுகிறேன். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது, கழுத்தின் கீழ் இணைப்பில் வைத்த விரலில் அசைவு தெரிந்தால் கோன்செட் தளர்ந்திருக்கிறது. உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையே தெரிந்தால் அவற்றுக்கு நடுவில் உள்ள வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. பிரேக் தகட்டின் பிடிமானத்தில் உள்ள தளர்ச்சியும் இதே போல ஒலிக்கும் என்பதால், எஞ்சினுக்கு அடியில் கட்டை வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கைத் தொடாமல் கவையின் கீழ்முனைகளைப் பிடித்து இன்னொரு முறை அசைத்துப் பார்ப்பது அவசியம். இந்த இரண்டிலும் அசைவே இல்லாமல், கைப்பிடியை வெடுக்கென்று மேலே தூக்கும்போது மட்டும் ‘டொக்’ என்றால், அது விரிமுட்டு. சிறு கற்கள் நிறைந்த சாலையில் விடாமல் கேட்கும் ‘லொடலொட’ ஒலி வேறு. அதை இந்தச் சொற்களுக்குள் அடக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் பட்டறைப் பேச்சு ஆங்கிலத்துக்குப் போய் நெடுநாளாகிறது. இளையவர்கள் ஒரு தமிழ்ச் சொல்லை அதன் உறுப்புகளைப் பிரித்துத்தான் பொருள் கொள்கிறார்கள். கேட்டுப் பழகிய நினைவு அவர்களுக்குத் துணைக்கு வராது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அக்காள் மகனின் வண்டியில் கோன்செட்டைப் பழைய நிலைக்குத் தளர்த்தினோம். கவையின் ஒரு காலில் எண்ணெய் ஏறக்குறைய வற்றியே போயிருந்தது. இரண்டு கால்களிலும் எஸ்.ஏ.இ. 20 என்னும் தடிப்பு அளவுள்ள எண்ணெயைச் சம அளவில் ஊற்றிய பிறகு ஒலி நின்றது. ‘விரிமுட்டு’ என்று அவனிடம் சொன்னபோது, “விரியும்போது முட்டுகிறதா, மாமா?” என்று உடனே கேட்டான்.

மதுரை ஐயாவின் கருத்துக்குக் காத்திருக்கிறேன். சட்டக்கவையின் உராய்வுத் தகடுகள் எழுப்பும் ‘கிறீச்’ ஒலிக்கு மலேசியப் பட்டறைகளில் சொல் ஏதும் வழங்குமானால் கோலாலம்பூர் அண்ணன் தெரிவிக்க வேண்டும்.