இலங்கை மலைநாட்டு அருவிகள்: காலாண்டு லீவா, அரையாண்டு லீவா?

காட்பாடி ரயிலடி:
வணக்கம். நாங்க 4 பேர், அதுல 10, 13 வயசுப் பிள்ளைங்க ரெண்டு பேர். சென்னையிலிருந்து கொழும்பு போய், மலைநாட்டு அருவிகளை மட்டும் பார்க்க 5 நாள் இருக்கு. காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, எப்போ போனா தண்ணி நல்லா விழும்? கோடையில வேலூர் பக்கத்து அமிர்தி அருவிக்குப் போனவங்க மாதிரி வெறும் பாறையைப் பார்த்துட்டு வரக்கூடாது. தியலும அருவிக்கு மேல இருக்கிற குளங்கள்ல பிள்ளைங்களை இறக்கலாமா?

பாலாற்றங்கரை:
மலைக்கு எந்தப் பக்கம் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க சார். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுல கொட்டும். அந்த மாசங்கள்ல கிழக்கே பதுளைப் பக்கம் மழை மறைவு, காத்துதான் அடிக்கும். டிசம்பர்ல வடகிழக்கு மழை வந்ததும் அப்படியே தலைகீழ்.

அதனால காலாண்டு லீவுன்னா நுவரெலியா, தலவாக்கலை பக்கம். றம்பொடை (109 மீட்டர்), டெவன் (97 மீட்டர்) ரெண்டும் ரோட்டிலிருந்தே தெரியும். டெவனுக்குப் பக்கத்துல சென்கிளயர் இருக்கு, 80 மீட்டர், நல்ல அகலம். ஆனா 2012-ல மேல் கொத்மலை மின் நிலையம் வந்த பிறகு அதோட தண்ணியில பெரும்பகுதி சுரங்கத்துக்குப் போயிடுது. பகல்ல மட்டும் கொஞ்சம் திறந்துவிடுவாங்க, சாயங்காலம் போய் நிக்காதீங்க.

அரையாண்டு லீவுன்னா பதுளைப் பக்கம் துன்ஹிந்த, எல்லங்கிற ஊர் பக்கத்துல ராவணா எல்ல, கொஸ்லந்தைக்கிட்ட தியலும. சிங்களத்துல 'எல்ல'ன்னாலே அருவிதான். நாட்டிலேயே உயரமான பம்பரகந்த (263 மீட்டர்) கலுபஹன சந்திப்பிலிருந்து உள்ளே தள்ளி இருக்கு.

குடியாத்தம் மலையேறி:
தியலும பத்தி. 220 மீட்டர் அருவி, அடிவாரம் ரோட்டோரம். மேல் குளங்களுக்கு பூனாகலை வழியா வண்டியில சுத்திப் போய் இறங்கி நடக்கிறதுதான் பிள்ளைங்களுக்குச் சரி. கீழேயிருந்து ஏறுற பாதை செங்குத்து.

டிசம்பர்ல அங்கே பிள்ளைங்களைக் குளத்துல இறக்காதீங்க. கடைசிக் குளத்தோட விளிம்புதான் அருவி விழுற இடம், பாறை பூரா பாசி. மேல மலையில மழை பெய்ஞ்சா, நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துடும். தண்ணி கலங்கினா, சருகும் குச்சியும் மிதந்து வந்தா, சத்தம் கூடினா உடனே கரையேறணும், செருப்பை எடுக்கக்கூட நிக்கக்கூடாது. மலையில மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான், அதனால காலையில 7 மணிக்கே நடக்க ஆரம்பிங்க.

அட்டை கடிச்சா பிச்சு இழுக்காதீங்க. நகத்தால வாய்ப் பக்கம் நெம்பினா விட்டுடும். அதோட எச்சில் ரத்தத்தை உறைய விடாது, ரொம்ப நேரம் கசியும், பயப்பட ஒண்ணுமில்ல. சுத்தமா கழுவி அழுத்திக் கட்டுங்க.

காட்பாடி ரயிலடி:
ரொம்ப நன்றி. அப்போ அரையாண்டு லீவு, பதுளைப் பக்கம். தியலுமவைக் கீழேயிருந்து பார்த்தா போதும். ரயிலா, வண்டியா?

பாலாற்றங்கரை:
2025 நவம்பர் டித்வா புயல்ல மலைநாட்டு ரயில் பாதை பல இடத்துல சேதமாச்சு. எது வரைக்கும் ஓடுதுன்னு பார்த்துட்டு டிக்கெட் எடுங்க. வண்டின்னா மலை ரோட்ல மணிக்கு 25, 30 கிலோமீட்டர்தான், ஒரு நாளைக்கு ரெண்டு அருவிக்கு மேல வைக்காதீங்க. மண்சரிவு எச்சரிக்கையை தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு மாவட்டவாரியா வெளியிடும், மஞ்சள், ஆம்பர் (செம்மஞ்சள்), சிவப்புன்னு. உங்க வழியில சிவப்பு வந்தா அன்னைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க; தங்கின இடத்துக்கே சிவப்பு வந்தா அங்கேயிருந்து வெளியேறணும். நுவரெலியா தாண்டிப் போறதா இருந்தா ஸ்வெட்டர் எடுத்துக்குங்க, 1,868 மீட்டர், ஏலகிரிக் குளிர் கணக்கு அங்கே செல்லாது.